அருணை கண்ட அபிஷிக்தானந்தர்

அண்ணாமலையை வலம்வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்திருப்பது அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் திருக்கோயிலும், மாணிக்கவாசகர்க்கென எழுந்த சிறு கோயிலும் அவ்வூர்க்குப் பெருமை சேர்ப்பன. மணிவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் அதுவே என்பது வழிவழியாக வரும் மரபு. திருவாசகத்தில் உள்ளம் பறிகொடுத்த கிறித்தவர் என்றவுடன் தமிழன்பர் நினைவில் எழுபவர் ஜி. யு. போப். 1839இல் தமிழகம் வந்து தமிழ் கற்று, 1900இல், எண்பது வயது நிரம்பிய நாளையொட்டித் திருவாசகத்தின் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்ட பெருமகனார் அவர். அருணையில் பிறந்த பாடலை அவர் மேலைநாட்டிற்கு எடுத்துச் சென்றார். அவர்க்கு அரை நூற்றாண்டு பின்னே மேலைநாட்டினின்றும் இம்மலையை நாடி வந்த வேறொரு கிறித்தவத் துறவியோ, தாய்நாட்டிற்கு மீளவே இல்லை. ஆன்ரி லெ சோ என்னும் இயற்பெயரை நீத்து, அபிஷிக்தானந்தர் என்னும் பெயரால் வழங்கப்பெற்ற அவர்தம் வாழ்வு, சமய நல்லிணக்கம் என்னும் எளிய தொடருக்குள் அடங்காதது.

பிரெஞ்சு நாட்டின் வடமேற்குக் கடலோரமான பிரெத்தாஞ் பகுதியில், சென் பிரியாக் என்னும் சிற்றூரில், 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் ஆன்ரி பிறந்தார். பெற்றோர் சிறு மளிகைக் கடை வைத்திருந்தனர். வீட்டின் மூத்த பிள்ளை அவர். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய குடும்பம் ஆதலின், பதின்பருவம் எய்தும் முன்னரே குருமடத்தில் சேர்க்கப்பெற்றார். பேறுகாலத்தில் தாயார் உயிருக்குப் போராடிய ஒரு வேளையை அடுத்து, அன்னை பிழைத்தால் எத்துணைத் தொலைவாயினும் இறைபணிக்குச் செல்வதாக அவ்விளைஞர் நேர்ந்துகொண்டார். தாயின் உயிரையும் தம் தொண்டையும் ஒரே முடிச்சில் கட்டிய அந்த நேர்ச்சை, பின்னாளில் அவரைக் கடல் கடக்க வைத்த முதற்காரணங்களுள் ஒன்று.

1929இல் கெர்கொனான் என்னும் ஊரிலுள்ள ஆசீர்வாதப்பர் சபைத் துறவு மடத்தில் புகுந்தார். 1935 இறுதியில் குருப்பட்டம் பெற்றார். மடத்து நூலகமும் வழிபாட்டு ஒழுங்கும் அவர் பொறுப்பில் இருந்தன. இலத்தீன் இசைப்பாடலும் திருச்சபைத் தந்தையர் எழுதிய பழைய நூல்களும் அவர்தம் அன்றாட உணவாயின. ஆயினும் 1934 அளவிலேயே இந்தியா பற்றிய வேட்கை அவருள் முளைவிட்டது. இரண்டாம் உலகப்போரில் படைக்கு அழைக்கப்பெற்று, செருமானியர் கையில் சிக்கி, பெயர்ப்பதிவு நிகழுமுன் தப்பி மடத்திற்கு மீண்டார். 1944இல் அன்னையார் மறைந்தார். அதன் பின்னரே இந்தியப் பயணத்திற்கான முயற்சியில் முழுமூச்சாக இறங்கினார். திருச்சிராப்பள்ளி ஆயர்க்கு அவர் எழுதிய மடல், அம்மறைமாவட்டத்தில் குளித்தலையில் பணியாற்றிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குரு ஒருவரின் கைக்குப் போயிற்று. அக்குருவே ஜூல் மொன்சானின்.

1895இல் பிறந்து, லியோன் நகரத்து அறிஞரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்த மொன்சானின், அவற்றையெல்லாம் விடுத்து 1939இல் தமிழகம் வந்தவர். சிற்றூர்ப் பங்குகளில் வறியோர்க்குக் குருவாய் இருந்துகொண்டே, இந்திய மண்ணுக்குரிய கிறித்தவத் துறவு வாழ்க்கை ஒன்றைக் கனவு கண்டுவந்தார். தம் கனவையே வேறொருவர் கையெழுத்தில் கண்ட அவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை. 1948 ஆகஸ்டு மாதத்தில் கொழும்பு வழியாக ஆன்ரி தமிழகம் வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது 38 நிறையும் தறுவாய். எஞ்சிய 25 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் பிரான்சு செல்லவில்லை.

குளித்தலையில் தமிழ் கற்கத் தொடங்கிய ஐந்தாறு திங்களுக்குள், 1949 சனவரியில், மொன்சானின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். இரமண மகரிசி அப்போது உடலோடு இருந்த காலம். முதற்காட்சி ஆன்ரிக்கு ஏமாற்றமே தந்தது. ஒளிவட்டம் சூழ்ந்த ஒருவரை எதிர்பார்த்துச் சென்றவர், தம் பாட்டனாரை நினைவூட்டும் எளிய முதியவர் ஒருவரையே கண்டார். சுற்றியிருந்தோர் காட்டிய பெருவணக்கமும் அவர்க்கு ஒவ்வவில்லை. ஆசிரமத்தில் தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, இவர் மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். அறிந்துகொள்ளவும் ஒப்பிடவும் முனையும் மனம் வெறுமையாக இருந்தாலன்றி எதுவும் உள்ளே புகாது என்று அப்பெண்மணி எடுத்துரைத்ததை அடிகளார் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. மாலையில் ஒலித்த வேதம் அவர் காதிற் புகுந்தது. காய்ச்சலும் பற்றிக்கொண்டது. அறிவு தளர்ந்த அந்நோய்ப் பொழுதில், தடுத்து நிறுத்தும் வலிமையற்ற உள்ளத்தில், மகரிசியின் உருவம் ஓசையின்றி வந்து அமர்ந்துவிட்டது. அவ்வாண்டிலேயே மறுமுறை வந்தபோது மகரிசி கடும் நோயுற்றிருந்தார். மீண்டும் வரும் எண்ணம் ஈடேறுமுன், 1950 ஏப்பிரல் 14ஆம் நாள் மகரிசி மறைந்தார். குருவிடம் அமர்ந்து கேட்க எண்ணியதை அடிகளார் மலையிடம் கேட்க நேர்ந்தது.

இதற்கிடையே காவிரிக் கரையில் கனவு உருப்பெற்றது. 1950 மார்ச்சு 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், மாந்தோப்பு ஒன்றினுள் சில குடில்களும் சிறு வழிபாட்டு இல்லமுமாக அவ்விருவரும் ஆசிரமம் தொடங்கினர். சச்சிதானந்த ஆசிரமம் என்பது அதன் பெயர். சாந்திவனம் என்பது வழக்கு. உண்மை, அறிவு, இன்பம் என்னும் மூன்றையும் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு இறைவனோடு பொருத்திக் காண்பது, வங்கத்துப் பிரமபாந்தவ உபாத்தியாயர் (1861-1907) முன்னரே வகுத்துத் தந்த நெறி. இருவரும் காவியுடை பூண்டனர். மரக்கறி உணவே கொண்டனர். தமிழும் வடமொழியும் வழிபாட்டில் இடம்பெறச் செய்தனர். புதுப்பெயர்களும் சூடினர். உருவம் கடந்த ஆவியை உணர்த்தும் வகையில் மொன்சானின் பரம அரூபி ஆனந்தம் ஆனார். ஆன்ரி, அபிஷிக்தேசுவரானந்தர் ஆனார். பின்பு பெயர் அபிஷிக்தானந்தர் எனச் சுருங்கிற்று. கிறித்து என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் திருப்பொழிவு பெற்றவர் என்பதே பொருள். அபிஷிக்தர் என்பது அதன் நேர்பெயர்ப்பு. காவியுடைக்குள்ளும் கிறித்துவின் பெயரையே அவர் சுமந்தார் என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. 1606இல் மதுரை வந்து துறவிக்கோலம் பூண்ட தத்துவ போதகர் தே நோபிலியும், தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் நடந்த வழிதானே இது? தொடக்கத்தில் ஆம் என்றே சொல்லவேண்டும். இந்திய ஞானம் முழுமையும் கிறித்துவில் நிறைவு காணவேண்டும் என்னும் நோக்கத்தோடுதான் சாந்திவனம் எழுந்தது. அதை மறைத்து, முதல் நாளிலிருந்தே அடிகளார் எல்லாச் சமயமும் ஒன்றெனக் கண்டவர் என்று எழுதுவோர், அவர் பட்ட பாட்டினை அறியாதவர். உடையை மாற்றிக்கொண்டு வந்தவர், உள்ளம் மாற்றப்படுவதை எதிர்பார்க்கவில்லை.

மாற்றியது அண்ணாமலை. 1952 முதல் அடுத்த நான்கைந்து ஆண்டுகளில், காவிரிக் கரையை விட்டு அவர் பலமுறை இம்மலைக்கு வந்து, சரிவிலுள்ள குகைகளில் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் மௌனத்தில் தங்கினார். தனிமையில் திருப்பலி நிறைவேற்றினார். மலையேறி வரும் எளிய மக்கள் அவர் நிறத்தையோ நாட்டையோ பொருட்படுத்தாது, மலையில் வாழும் சாதுக்களுள் ஒருவராகவே அவரை ஏற்றுக்கொண்டனர். பிரெத்தாஞ் கடற்கரைச் சிற்றூரை விட்டுப் பிரிந்தவர்க்கு இல்லம் என்னும் உணர்வு மீண்டும் வாய்த்தது இங்கேதான். அக்குகை நாட்களைப் பற்றி அவர் எழுதிய நினைவுகள், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் சென்றபின் 1978இல் பிரெஞ்சில் நூலாயின. அந்நூலில் மலையைப் பற்றி அவர் எழுதும் முறை, காதலில் வீழ்ந்தவர் எழுதும் முறையாகவே உள்ளது. புலவர்க்கு அது வியப்பன்று. மலையைத் தந்தையாகவும் தலைவனாகவும் பாடிய மரபு இங்கு உண்டு. கெர்கொனான் மடத்துத் துறவியர்க்குத்தான் அது பெருவியப்பாய் இருந்திருக்கும்.

1953இல் குகையில் அவரைத் தேடி வந்தவர் ஹரிலால் பூஞ்சா. மகரிசியின் அடியவர். செபநூல்களும் தியான முறைகளும் கூடக் கடைசிக் கட்டுகளே, அவற்றையும் அறுத்தெறிக என்னும் கருத்தை அவர் தயக்கமின்றி முன்வைத்தார். அறுத்தெறிய அடிகளாரால் இயலவில்லை. இயலாமை கோழைமையால் நேர்ந்ததன்று. தாயின் உயிருக்கு ஈடாக எவர்பால் நேர்ந்துகொண்டாரோ, எவரை நாள்தோறும் அப்பத்திலும் இரசத்திலும் ஏந்தினாரோ, அவரைக் கைவிட்டுப் பெறும் விடுதலை தமக்கு வேண்டுமா என்பது அவர்முன் நின்ற கேள்வி. மறுபுறத்தில், குகையில் தாம் உணர்ந்ததைப் பொய்யென்று மறுக்கவும் அவர் நேர்மை இடந்தரவில்லை. இருமையற்ற நிலை உண்மையானால் செபிப்பவர் யார், செபம் சென்றடைவது யாரை என்னும் வினா அவர் உறக்கத்தைக் கெடுத்தது. ஆன்மாவையே இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் அந்நாளைய நாட்குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வருகிறது.

வெளியிலிருந்தும் துணை கிட்டவில்லை. தம் அனுபவத்தை 1954 அளவில் குஹாந்தரம் என்னும் பெயரில் எழுதி இசைவு கேட்டபோது, பாரிசிலிருந்த திருச்சபைத் தணிக்கையாளர் மறுத்துவிட்டார். உடனுறைந்த மொன்சானினும் இப்போக்கினை ஐயத்தோடே நோக்கினார். மூவொரு இறைவன் என்னும் உறவுக் கடலில் அத்துவைதம் கரைந்தாலன்றிக் கிறித்தவம் அதனை ஏற்கவியலாது என்பது அவர் தெளிவு. ஒரே தோப்பில், ஒரே காவியில், ஒரே கனவோடு தொடங்கிய இருவரும் மெல்ல மெல்ல விலகி நின்றனர். சாந்திவனத்திற்கு வந்தோர் பலர். நிலைத்துத் தங்கியவர் இல்லை. இந்தியத் துறவிகள் திரண்டு வருவர் என எழுப்பிய குடில்கள் வெறுமையாய் இருந்தன. 1957 அக்டோபர் 10ஆம் நாள், மருத்துவத்திற்காகச் சென்றிருந்த பாரிசில் மொன்சானின் காலமானார். கருத்து மாறுபாடு தீருமுன் ஒருவர் போய்விடுவது, எஞ்சியவர்க்கு எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அம்மரணத்திற்குச் சற்று முன்னே இரண்டு நிகழ்ச்சிகள் அவரைத் தாங்கி நிறுத்தின. ஒன்று, 1955 திசம்பரில் திருக்கோவலூர்த் தபோவனத்தில் சுவாமி ஞானானந்த கிரியைச் சந்தித்தது. மகரிசியிடம் கேட்கக் கிடைக்காத குருவின் சொல்லை இங்கு அவர் கேட்டார். அடுத்த ஆண்டு மீண்டும் சென்று சில வாரங்கள் தங்கினார். அந்த அனுபவத்தை 1970இல் பிரெஞ்சு மொழியில் நூலாக்கியபோது, தன்மை இடத்தில் எழுதாமல் வன்யா என்னும் பெயருக்குள் தம்மை மறைத்துக்கொண்டார். மற்றொன்று, 1956 இறுதியில் கும்பகோணத்து மௌன மந்திரில், இருளும் தனிமையும் சூழ்ந்த அறையில், ஒரு திங்களுக்கு மேல் எவரையும் காணாது, எவரோடும் பேசாது இருந்தது. அங்கும் அவர்தம் போராட்டம் முடிவுறவில்லை. ஆனால் அதனோடு வாழப் பழகிக்கொண்டார் எனலாம்.

தனிமையின் உச்சியில் நின்ற இவரே, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எண்ணற்றோரை ஒருவரோடொருவர் பிணைத்தார் என்பதுதான் இவ்வரலாற்றின் அரிய பகுதி. அமைப்பு எதையும் அவர் நிறுவவில்லை. தொடர்வண்டியின் மூன்றாம் வகுப்பில் நெரிசலோடு நெரிசலாகக் காவிரிக்கும் கங்கைக்கும் இடையே அலைந்தார். 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். பரேலி அருகே ஜோதிநிகேதன் என்னும் சிறு ஆசிரமம் நடத்திய ஆங்கிலிக்கன் குரு மரே ராஜர்சோடு அவர் கொண்ட நட்பு, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருவர் கோயிலில் மற்றவர் மண்டியிடத் தயங்கிய காலத்தில் முகிழ்த்தது. தெல்லியில் சுவிட்சர்லாந்துத் தூதராயிருந்த ஜாக் ஆல்பர்ட் குத்தாவின் துணையோடு 1961இல் அல்மோராவிலும், பின்னர் ராஜ்பூரிலும் நாகபுரியிலும் சிறு கூட்டங்கள் நிகழ்ந்தன. ரெய்மோன் பணிக்கர், பீட் கிரிபித்ஸ் முதலியோர் இவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கட்டுரை வாசித்துக் கலைவதை விடுத்து, உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் அடுத்தடுத்து ஓதி, நெடுநேரம் மௌனமாக அமர்ந்தபின் பேசும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் பிற சமயங்களின் மெய்ம்மையை மதித்து ஏற்கும் ஏட்டினை வெளியிட்டது 1965 அக்டோபரில். அதற்கு முன்பே இம்மண்ணில் அச்செயல் தொடங்கிவிட்டிருந்தது. 1964இல் பணிக்கரோடு இமயம் ஏறிக் கங்கோத்திரியில் கங்கையின் ஊற்றருகே அவர் நற்கருணை வழிபாடு நிகழ்த்தினார்.

இவை ஏட்டில் பதிந்தவை. பதியாதவையே மிகுதி. மடத்துத் தோழர் லெமாரியேக்கும், துறவு பூண்ட தங்கைக்கும், கார்மேல் சபைக் கன்னியர்க்கும், ஐயத்தில் தவித்த இளையோர்க்கும் அவர் எழுதிய மடல்கள் பல நூறு. தம்முள் பற்றி எரிந்த ஐயத்தை நாட்குறிப்புக்கு ஒப்படைத்துவிட்டு, மடல்களில் நகைச்சுவையும் நலவிசாரிப்பும் தந்தவர் அவர். ஐயமே அறியாதவரிடம் மனிதர் ஆறுதல் பெறுவது அரிது. எந்த வேலிக்குள்ளும் முழுதாய் அடங்காத ஒருவரிடம், வேலிகளுக்கு வெளியே நின்றோர் தத்தம் உறவைக் கண்டுகொண்டனர். துறவியின் பணி என்ன என்பதற்கு அவர் அளித்த விளக்கமும் இதுவே: எல்லாரிடமிருந்தும் விலகி உள்ளே செல்பவர், எல்லாரும் சந்திக்கும் இடத்தைத்தான் அடைகிறார்.

குறைகளும் உண்டு. நிறுவனங்களின் பொறுப்பில் அவர்க்குப் பொறுமை போதாது. சாந்திவனத்தை அடிக்கடி விட்டுச் சென்றார். 1968இல் பீட் கிரிபித்சிடம் ஒப்படைத்துவிட்டு உத்தரகாசி அருகே ஞான்சு என்னுமிடத்துக் குடிலுக்கே போய்விட்டார். ஆசிரமம் உலகறிந்த இடமாக வளர்ந்தது கிரிபித்சின் காலத்தில்தான். கிறித்தவர் காவி பூண்பதும் ஓம் என்னும் எழுத்தை வழிபாட்டில் கொள்வதும் மதமாற்றத்திற்கான சூழ்ச்சியே என்று இந்து சமயத்தார் சிலர் பிற்காலத்தில் கடுமையாகத் தாக்கினர். மறுபுறம் கத்தோலிக்கருள் சிலர் இதனைத் தடம் புரளல் என்றனர். தமிழன்பர்க்கு வேறொரு மனக்குறை. தமிழ் கற்று, தமிழ்நாட்டுக் குகையில் கனிந்து, தமிழ்நாட்டுக் குருவிடம் கேட்ட அடிகளாரின் நூல்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே எழுந்தன. வீரமாமுனிவர்போல் அவரும் தமிழில் எழுதியிருப்பாரேயானால், அண்ணாமலை பற்றிய இலக்கியத்தில் ஒரு புது வகை தோன்றியிருக்கும்.

இறுதி ஆண்டுகளில் மார்க் ஷாதுக் என்னும் பிரெஞ்சு இளைஞர் அவர்க்கு மாணாக்கராக வாய்த்தார். 1973 சூன் 30ஆம் நாள் ரிஷிகேசத்தில் கங்கையில் நின்று, சிவானந்த ஆசிரமத்துச் சுவாமி சிதானந்தரும் அபிஷிக்தானந்தரும் சேர்ந்து அவ்விளைஞர்க்குத் துறவு வழங்கினர். இரு மரபுகளின் கைகளும் ஒரே தலைமீது படிந்த நிகழ்ச்சி அது. இரண்டு வாரம் கழிந்து, சூலை 14ஆம் நாள், ரிஷிகேசக் கடைத்தெருவில் பேருந்தைப் பிடிக்க விரைந்தபோது மாரடைப்பால் அடிகளார் நிலத்தில் சாய்ந்தார். உயிருக்கும் சாவுக்கும் நடுவே கிடந்த அச்சிறு பொழுதில், இருபது ஆண்டுகளாகக் கேட்டுவந்த வினா விடையின்றியே உதிர்ந்துவிட்டதை உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார். வாழ்வும் சாவும் வேறென்று தோன்றவில்லை; விழிப்பு ஒன்றே இருந்தது. அவ்விழிப்பையும் அவர் கிறித்துவின் பெயரை விடுத்துச் சொல்லவில்லை.

அதன்பின் ஐந்து திங்கள் வாழ்ந்தார். இந்தூரில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் நடத்திய மருத்துவ இல்லத்தில் தங்கி, எழுதும் ஆற்றல் இருந்தவரை நண்பர்க்கு மடல் எழுதினார். 1973 திசம்பர் 7ஆம் நாள் மாலை அங்கே காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். நாட்குறிப்பிலிருந்து தேர்ந்த பகுதிகளைப் பணிக்கர் 1986இல் பதிப்பித்தபோதுதான், மடல்களில் சிரித்தவர் உள்ளே எவ்வளவு அழுதார் என்பதை நண்பர்கள் பலர் அறிந்தனர். அவர்தம் எச்சங்கள் பிற்காலத்தில் இந்தூரிலிருந்து தண்ணீர்ப்பள்ளிக்குக் கொண்டுவரப்பெற்று, அவரே விட்டுச்சென்ற சாந்திவனத் தோப்பில், காவிரிக் கரையில் வைக்கப்பெற்றன.